மாவுக்கட்டு எட்டு வாரம், கம்பி ஷூ நாலு வருஷம்

என் மகன், வீட்டில் எல்லாருக்கும் தம்பி, பிறந்தது 2020 அக்டோபரில், அறந்தாங்கியில். துணியில் சுற்றி என் பக்கத்தில் போட்டபோது முகத்தை மட்டும்தான் பார்த்தேன். சாயங்காலம் துணி மாற்றிய என் அம்மா, "ஏன்டி, கால் என்ன இப்படி இருக்கு" என்றார். வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிகால் மேலே ஏறிக் கிடந்தது. விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தேன், வரவில்லை. கேட்டபோது செவிலியர், "வயித்துல மடங்கிக் கெடந்திருக்கும்மா, எண்ணெய் தேய்ச்சு நீவி விடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நாளைத் தொலைத்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் இடம் போதாமல் மடங்கிய பாதமும் உண்டு. அது கையால் திருப்பினால் நேராக வரும், பாதத்தை மேல்நோக்கி மடக்கவும் முடியும், சில வாரங்களில் தானே சரியாகிவிடும். திருப்பினால் வராமல் கட்டையாக நிற்பது வளைபாதம். ஊர்ப்பேச்சில் கோணக்கால். அதற்கு எண்ணெய் மருந்தல்ல. பிறந்த முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் நாள் கடத்தவும் கூடாது. குழந்தையின் தசையும் இணைப்பு நாண்களும் அந்த வயதில்தான் சொன்னபடி இளகும். அப்படியே இடுப்பையும் முதுகையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்குப் பாதத்தோடு வேறு ஏதாவதும் சேர்ந்து இருக்கும். தம்பிக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு தொடங்கியது. அந்த வருஷம் ஜூன் 21 அன்று சூரிய கிரகணம். நான் கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போனதை அத்தை நினைவு வைத்திருந்தார். கெட்ட மனதோடு சொன்னவர் அல்ல, பேரனுக்காகத் தவித்தவர். ஆனாலும், "அன்னைக்கே சொன்னேன், வெளிய போகாதே தாயின்னு" என்று அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் பால் வற்றிப்போவது போல இருக்கும். மாதக்கணக்கில், நான்தான் என் பிள்ளையின் காலைக் கெடுத்தேன் என்று நம்பினேன். பிறகு ஒரு மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: "கிரகணம் வர்றப்ப உங்களுக்கு அஞ்சு மாசம் தாண்டிருச்சும்மா. கால் அதுக்கு முன்னாடியே மடங்கியிருக்கும். ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் போகும்." ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. தாய் குனிந்ததாலோ, சாப்பிட்டதாலோ, வெளியே போனதாலோ வருவதல்ல. இதைப் படிக்கும் தாய் யாராவது அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருந்தால் இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். சிகிச்சைக்கே உங்கள் பலம் முழுவதும் வேண்டும்.

என் கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. கொரோனா காலம், வர வழியில்லை. வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டினேன், பத்து நாள் கழித்துத்தான் காலைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில்தான் எண்ணெய் வைத்தியம் நடந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வருவார், பாதத்தைப் பிடித்து இழுத்து நீவுவார், மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றுவார். தம்பி வீறிட்டு அழுவான். அந்த நாற்பது நாளில் 6,500 ரூபாய் போனது. பாதம் பிறந்தபோது இருந்தபடியே இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே, "மாவுக்கட்டு போட்டாப் போதும், சரியாயிடும்" என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தை, பேருந்தில் கூட்டத்தில் போகப் பயம். ஒவ்வொரு வாரமும் வாடகைக் கார் 3,200. மருத்துவமனைச் செலவு 1,900. எட்டு வாரத்தில் 40,800 ரூபாய். போட்டது முழங்காலுக்குக் கீழே நிற்கும் குட்டைக் கட்டு. தம்பி உதைக்க உதைக்க அது வழுகிக் கீழே இறங்கும், விரல்கள் உள்ளே போய்விடும். கேட்டால், "குழந்தை துறுதுறுன்னு இருக்கான், அதான்" என்றார்கள். ஒரு ராத்திரி அழுகை நிற்கவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஐந்து விரலில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. வெந்நீர்ப் பானையில் இருந்த நீரைப் பக்குவமாக ஆற்றி, காலை அதில் வைத்து, ஒன்றரை மணி நேரம் ஊற வைத்து நானும் அம்மாவும் நகத்தால் கட்டைப் பிய்த்தோம். விரல் நுனி நீலம் பாரித்திருந்தது. நிறம் திரும்பும் வரைக்கும் அந்தக் காலை என் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விரல் மறைந்தால் கட்டு வழுகிவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டு போட்ட முதல் நாள் மணிக்கொரு தரமும் பிறகு தினம் நான்கைந்து தடவையும் விரலை அழுத்திப் பாருங்கள். வெளுத்து, விட்டவுடன் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் வீங்கினாலோ, நீலமானாலோ, கட்டிலிருந்து கெட்ட வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே கட்டை எடுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை, வாயாலும் சொல்லவில்லை.

எட்டாவது வாரத்தில், "முன்பாதம் வந்திருச்சு, குதிகால் வரல, பெரிய ஆபரேஷன் பண்ணணும், ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும்" என்றார்கள். கல்யாணத்துக்குப் போட்ட மூன்று பவுன் வளையலை அடகு வைத்தேன். மீதிக்குக் கணவர் அங்கே கடன் கேட்டுக்கொண்டிருந்தார். நாள்கூடக் குறித்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் மூன்றரை மாதத் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். கிராம சுகாதார செவிலியர் தொடையில் ஊசி போட வந்தவர், கட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏம்மா, கோணக்காலுக்கா கட்டு? இதைத் தொடை வரைக்கும்ல போடுவாங்க? மெடிக்கல் காலேஜ்ல இதுக்குன்னே வாரத்துல ஒரு நாள் பாக்குறாங்களே, காசு கெடையாதே" என்றார். குழந்தைகளுக்கான ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் 2013 முதல் இருக்கிறது. வளைபாதமும் அதில் அடக்கம். பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை பார்க்கிறார்கள். அந்தத் திட்டத்தின் குழுதான் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது. அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இன்று வரை அந்தச் செவிலியருக்கு நான் ஒரு தேங்காய் பழம்கூடக் கொடுத்ததில்லை, ஆனால் சாமி கும்பிடும்போது அவர் முகம் வரும்.

உங்கள் ஊரில் எங்கே போவது என்று தெரியாவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ இந்தத் திட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேட்டாலும் வழி கிடைக்கும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இங்கே பொன்செட்டி முறையில் செய்கிறீர்களா? வாரத்துக்கு எத்தனை குழந்தை பார்க்கிறீர்கள்?" பொன்செட்டி முறை என்பது வாரம் ஒரு கட்டு மாற்றி, பாதத்தைக் கையால் மெல்லத் திருத்துவது. இது கைப்பழக்கத்தின் வேலை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு பார்க்கும் கைக்கும், வாரா வாரம் வரிசையாகப் பார்க்கும் கைக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை என் பிள்ளையின் காலிலேயே பார்த்தேன்.

2021 பிப்ரவரி முதல் வாரம் செவிலியர் சொன்ன மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். காலை ஆறு மணிப் பேருந்து, எட்டரைக்கு ஓ.பி. சீட்டு, வரிசையில் பதினோரு மணி. அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் வேறு பிள்ளைகளின் காலை முதன்முதலாகப் பார்த்தேன். பதினைந்து பேருக்கு மேல். கட்டுப் போட்டவை, கம்பி ஷூ போட்டவை, ஓடி விளையாடுபவை. நான் தனி ஆள் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓரமாகப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மருத்துவர் தம்பியின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போட்டார். அதற்குப் பிரானி மதிப்பெண் என்று பெயர், ஆறு என்றால் மிகக் கடுமை, பூஜ்யம் என்றால் சரியாகிவிட்டது. தம்பிக்கு நாலரை. "பெரிய ஆபரேஷன் வேண்டியதில்லை, முதல்ல இருந்து ஆரம்பிப்போம்" என்றார். ஸ்பெயின் நாட்டின் மெனோர்கா தீவில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் 1940களின் கடைசியில் தொடங்கிய முறை இது. அந்தக் காலத்தில் பாதத்தை அகலமாகக் கிழித்துத் திருத்துவதும் வழக்கம். அப்படிக் கிழித்த பாதம் வளர்ந்த பிறகு விறைத்து வலிப்பதைப் பார்த்துத்தான் அவர் கைகளால் மெல்லத் திருத்தும் வழியைத் தேடியிருக்கிறார். அவர் சொன்னதை உலகம் கேட்க 1990கள் வரை ஆனது. 2009இல் இறந்தார். அவர் பிறந்த ஜூன் 3ஆம் தேதியைத்தான் உலக வளைபாத நாளாக வைத்திருக்கிறார்கள்.

முறை இதுதான். வாரம் ஒரு கட்டு, மொத்தம் ஐந்து முதல் ஏழு. ஒவ்வொரு கட்டும் விரல் நுனியிலிருந்து தொடையின் மேல் வரை, முழங்கால் மடங்கி இருக்கும். முழங்கால் மடங்கியிருப்பதால் கட்டு வழுகாது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிய நிலையும் கலையாது. திருச்சியில் போட்ட குட்டைக் கட்டுக்கு இந்த இரண்டுமே இல்லை. முதல் கட்டில் பாதத்தின் உட்குழியைத்தான் சரி செய்வார்கள். அப்போது பார்த்தால் கால் முன்னைவிட அதிகம் திரும்பியது போலத் தெரியும். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். அடுத்தடுத்த கட்டுகளில் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திரும்பி, கடைசியில் அறுபது எழுபது பாகை வெளிப்பக்கம் போய் நிற்கும். அப்போது தெருவில் பார்ப்பவர்கள், "இப்ப அந்தப் பக்கம் கோணிப்போச்சே" என்பார்கள். அதற்கும் பயப்பட வேண்டாம். குதிகாலைக் கடைசியில்தான் இறக்குவார்கள். அதை முதலிலேயே அழுத்தி இறக்கப் பார்த்தால் பாதத்தின் நடுப்பகுதி ஒடிந்து, அடிப்பாதம் படகின் அடி போல உப்பிவிடும் என்று மருத்துவர் விளக்கினார்.

கட்டு போடப் போகும்போது குழந்தை பசியோடு இருக்கட்டும், போடும்போது பால் கொடுங்கள். பால் குடித்துக்கொண்டிருந்தால் காலைத் தளர்த்தி வைத்திருக்கும், வேலை சுலபமாக முடியும். பழைய கட்டை முந்தின ராத்திரியே ஊற வைத்து எடுத்து வரச் சொன்னால், அன்று காலையிலேயே எடுக்கட்டுமா, அங்கே வந்து எடுக்கட்டுமா என்று கேளுங்கள். ஒரு ராத்திரி கட்டில்லாமல் கிடந்தால் கிடைத்த திருத்தத்தில் கொஞ்சம் போய்விடும். கட்டுக்குள் மூத்திரம் போகாமல் இருக்க டயப்பரின் விளிம்பு கட்டுக்கு மேலே இருக்க வேண்டும், உள்ளே திணிக்கக் கூடாது. குளிப்பாட்ட முடியாது, ஈரத்துணியால் துடைத்துவிடுவதுதான். கட்டு காயும் வரை கட்டாந்தரையில் கால் படாமல் மடியிலோ மெத்தையிலோ வைத்திருங்கள்.

ஐந்தாவது கட்டு முடிந்ததும், "குதிகால் நரம்பை வெட்டணும்" என்றார்கள். வராந்தாவில் எல்லாரும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். அது நரம்பல்ல, குதிகாலைத் தூக்கிப் பிடித்திருக்கும் தசைநாண். பத்தில் எட்டு ஒன்பது குழந்தைக்கு இது தேவைப்படும். இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஊசி முனை போன்ற கத்தியால் சில நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். தையல் இல்லை. வெட்டிய தசைநாண் மூன்று வாரத்தில் நீளமாக வளர்ந்து ஒட்டிக்கொள்ளும், அதுவரை கடைசிக் கட்டு. கட்டில் ஒரு ரூபாய் அளவு ரத்தக் கறை தெரிந்தது. அது சாதாரணம் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கினேன். பரவிக்கொண்டே போனால்தான் ஓடிவர வேண்டும். அந்த எட்டு வாரத்துக்கும் நான் செலவழித்தது பேருந்துக் கட்டணமும் டீயும் மட்டும்தான். குறித்து வைத்திருந்த ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வளையலுக்குக் கட்டிய வட்டி போனது போனதுதான்.

ஏப்ரல் முதல் வாரம் கட்டைப் பிரித்தார்கள். பாதம் தட்டையாக, நேராக, மற்றப் பாதத்தைப் போலவே இருந்தது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. அப்போது மருத்துவர் சொன்னதை இன்னும் நூறு முறை திருப்பிச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்: "இப்பதான் வைத்தியமே ஆரம்பிக்குதும்மா." இரண்டு ஷூ, நடுவே தோள் அகலத்துக்கு ஒரு கம்பி. முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம். அதன் பிறகு ராத்திரித் தூக்கத்திலும் பகல் தூக்கத்திலும், நாலு ஐந்து வயது வரை. பாதத்தை மடக்கிய அதே இழுவிசை பிள்ளை வளர வளர உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. கட்டு திருத்தியதைக் கம்பிதான் காப்பாற்றுகிறது. இதைக் கேட்டேன், தலையாட்டினேன், மனதில் ஏற்றவில்லை. என் கண் நேரான பாதத்தில் இருந்தது.

கம்பி ஷூவின் முதல் மூன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. இரண்டு காலையும் தனித்தனியாக உதைக்க முடியாத கோபம் அவனுக்கு. கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மேலும் கீழும் ஆட்டி விளையாட்டுக் காட்டச் சொன்னார்கள். நாலாவது நாள் அவனே சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டான். கழற்றிப் போட்டுச் சமாதானப்படுத்தினால், அழுதால் கழற்றுவார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் பெரிய சிக்கல் தூளி. கம்பி தூளிக்குள் மடங்காது. அத்தை, "தூளியில போட்டாத்தானே தூங்குவான்" என்று கழற்றப் பார்த்தார். தூளியை விரித்துப் பிடிக்கத் தொட்டில் கட்டை போட்டு, அகலமான போர்வையில் கட்டினோம், கம்பி இடிக்காமல் கிடந்தது. கம்பிக்குப் பழைய புடவைத் துணியைச் சுற்றிவிட்டால் அவன் காலிலும் நம் கையிலும் படாது. பருத்தி சாக்ஸ் சுருக்கமில்லாமல் போட வேண்டும். குதிகால் ஷூவின் அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நான் விரல் வந்து நிற்கும் இடத்தில் உள்ளே பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன், விரல் கோட்டுக்குப் பின்னால் போனால் குதிகால் ஏறிவிட்டது என்று தெரிந்துவிடும். லேசான சிவப்பு வரலாம், அதில் எண்ணெயோ களிம்போ தடவாதீர்கள், தோல் இன்னும் இளகிப் புண்ணாகும். பளிச்சென்று சிவந்தாலோ கொப்புளித்தாலோ ஷூ வழுகுகிறது, வாரை இறுக்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வளைந்த குழந்தைக்கும் இரண்டு காலிலும் ஷூ உண்டு. ஆனால் கோணம் ஒன்றல்ல. வளைந்த கால் அறுபது எழுபது பாகை, நல்ல கால் முப்பது நாற்பது. மே மாதம் முழு ஊரடங்கு வந்து போக்குவரத்து நின்றபோது ஷூ சின்னதாகிவிட்டது. தெரிந்தவர் மூலம் வெளியே 5,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அதில் இரண்டு காலையும் ஒரே கோணத்தில் முடுக்கிக் கொடுத்திருந்தார்கள். செல்போனில் படம் எடுத்து அனுப்பியபோதுதான் மருத்துவமனைத் தொழில்நுட்பர் பார்த்துச் சொன்னார். ஸ்பேனர் வாங்கி நானே திருப்பி வைத்தேன். முதல் நாள் வாங்கும்போதே கோணத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கிலும் விடவில்லை. மூன்று மாதம் முடித்தேன். அதன் பிறகு ராத்திரிக் கம்பி. தம்பி தவழ்ந்தான், பதிமூன்றாவது மாதம் நடந்தான். குதிகால் தரையில் அழுந்த, இரண்டு கால்களும் நேராக நடந்தான்.

அந்த டிசம்பரில் என் கணவர் வந்தார். பிள்ளையை அவர் தொட்டது அதுதான் முதல் முறை. முதல் ராத்திரி நான் ஷூவை மாட்டும்போது தம்பி சிணுங்கினான். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "நான் இருக்குற வரைக்கும் வேணாமே. நல்லாத்தானே நடக்குறான்" என்றார். பதினான்கு மாதம் பிள்ளையின் காலைத் திரையில் மட்டும் பார்த்தவர். நெஞ்சில் போட்டுத் தூங்க வைக்க ஆசைப்பட்டார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் களைப்பாக இருந்தது. ஒரு மாதம்தானே என்று நினைத்தேன். குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து, சொந்தக்காரர் வீடுகள். ஜனவரியில் அவர் கிளம்பிப் போன பிறகு மறுபடி மாட்டினேன். தம்பி கத்தித் தீர்த்தான், குதிகால் ஷூவிலிருந்து எகிறி எகிறி வெளியே வந்தது. பழக்கம் விட்டுப்போச்சு, அடம் பிடிக்கிறான் என்று நினைத்து, மூன்று நாள் போராடிவிட்டு விட்டுவிட்டேன்.

அது அடம் இல்லை. அதுவரை உட்கார்ந்திருந்த குதிகால் திடீரென்று ஷூவில் உட்கார மறுத்தால், தசைநாண் இறுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருந்தால் ஒன்றிரண்டு கட்டில் முடிந்திருக்கும். நான் போனது ஏப்ரலில். அதற்குள் ஒவ்வொன்றாக வந்திருந்தது: வலது செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்தது, ஓடும்போது பாதம் உள்ளே திரும்பியது, எறும்பு பார்க்கக் குத்த வைத்து உட்கார்ந்தால் குதிகால் ஊன்றாமல் மல்லாந்து விழுந்தான். விழும்போது சிரிப்பான். நாங்களும் சிரித்தோம்.

மருத்துவர் திட்டவில்லை. "கம்பி எப்ப நிறுத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார். பாதம் திரும்ப மடங்குவதற்கு முதல் காரணம் கம்பி ஷூவை நிறுத்துவதுதான் என்று அவருக்குத் தெரியாதா? பதினெட்டு மாதப் பிள்ளைக்கு மாவுக்கட்டு போடுவது மூன்று மாதக் குழந்தைக்குப் போடுவது போல அல்ல. இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. "அம்மா, வேணாம், நடக்கப் போறேன்" என்று அவனால் சொல்ல முடிந்தது. நடக்கத் தெரிந்த பிள்ளை மே மாத வெயிலில் தொடை வரை கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு கட்டு. தசைநாணை மறுபடி வெட்ட வேண்டியிருக்கவில்லை. போன பாதம் திரும்பி வந்தது. கணவரிடம் போனில் சொன்னபோது இருவரும் பேசாமல் இருந்தோம். யாரைக் குறை சொல்ல? அவர் ஊருக்கு வருமுன் இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டியவள் நான். வெளியூரில் இருக்கும் தகப்பனுக்கும், வீட்டில் உள்ள பாட்டிக்கும் மருத்துவர் வாயாலேயே கேட்கும்படி செய்யுங்கள். இரண்டாவது முறை நான் அத்தையையே கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் அவரிடம், "ஆச்சி, ராத்திரி ஷூ மாட்டுறது உங்க பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட அத்தை தவறவிட்டதில்லை. கிரகணப் பேச்சும் அதோடு நின்றது.

இப்போது தம்பிக்கு நாலரை வயது. ஷூ ஐந்து தடவை மாறிவிட்டது, வெளியே வாங்கிய அந்த ஒன்றைத் தவிர எல்லாம் இலவசம். விரல் ஷூவின் விளிம்புக்கு வந்ததும் அடுத்த அளவுக்குச் சொல்லி வைத்துவிட வேண்டும், கிடைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம். வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் சின்னது, கெண்டைக்காலும் மெலிவு. அது கடைசி வரை அப்படித்தான் இருக்கும், யார் எண்ணெய் விற்றாலும் வாங்க வேண்டாம். ஓடுகிறான், மரம் ஏறப் பார்க்கிறான். கடைசியாகப் போனபோது ஓடச் சொல்லிப் பார்த்தார்கள். பாதம் உள்ளே திரும்பத் தொடங்கினால் முன்காலின் ஒரு தசைநாணை இடம் மாற்றி வைக்கும் சின்ன ஆபரேஷன் இருக்கிறதாம், மூன்று வயது தாண்டியவர்களுக்குச் செய்வது. இப்போதைக்குத் தேவையில்லை என்றார்கள். அடுத்த பிள்ளையைப் பற்றியும் கேட்டேன். ஒரு பிள்ளைக்கு இருந்தால் அடுத்ததற்கு வர நூற்றில் மூன்று நான்கு வாய்ப்பு. வந்தாலும் முதல் வாரமே எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தினம் காலையில் பல் தேய்க்கும்போது அவனைக் குத்த வைத்து உட்காரச் சொல்வேன். குதிகால் இரண்டும் மண்ணில் அழுந்துகிறதா என்று அத்தை குனிந்து விரல் விட்டுப் பார்ப்பார். இன்று காலையும் விரல் நுழையவில்லை.